கன்னத்துக்குத் தெரியும்

மறுபடியும் செவந்தி தன் கையை உருவிக்கொண்டாள். கட்டிலருகே உட்கார்ந்திருந்த திருமுருகன் வெறும் உள்ளங்கையைப் பார்த்தான். துபாயிலிருந்து திருச்சியில் இறங்கி, நேராக அன்னவாசலுக்கு வந்திருந்தான். பை இன்னும் வாசலிலேயே கிடந்தது.

"ஆத்தா, நாந்தான். முருகன் வந்துருக்கேன்."

மூடிய கண்கள் திறக்கவில்லை. பேச்சு காதில் விழுகிறதா என்றும் தெரியவில்லை. புற்றுநோய் முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டிருந்தார்.

அவன் எழுந்து கொல்லைக்குப் போனான். மனைவி அருணா, மாமியாரின் சேலையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாவுக்கு எம்மேல கோவம் அடங்கல அருணா. தொட்டாலே கையை இழுத்துக்குது. வைத்தியம் நடந்தப்ப எட்டிப் பாக்காத மகன்தானே நான்."

"ஏங்க இப்பிடிப் பேசுறீங்க? அந்தக் கைக்கு ஆளு தெரியாதுங்க. என்னையுந்தான் உதறும். இறுக்கிப் பிடிச்சா முள்ளாக் குத்துமாம். மத்தபடி மரக்கட்டை. ஒரு நாளு கொதிக்கிற டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு, கை வெந்தது தெரியாம கதை பேசிக்கிட்டு இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"அயித்தைதான் சொல்லாதேன்னுச்சு. 'அவன் ஒசரத்துல நின்டு வேலை பாக்குறவன். மனசு கலங்கிக் காலு வழுக்கிரப் போவுது'ன்னு."

கட்டடங்களுக்கு இரும்புக் குழாய்களைப் பூட்டிச் சாரம் எழுப்புவது திருமுருகனின் வேலை.

"நோவுனாலயா?"

"மருந்துனாலங்க." ஆஸ்பத்திரி நர்ஸ் இலக்கியா, சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து விளக்கியதை அருணா சொன்னாள். "கட்டி வளரணும்னா அதுல உள்ள ஒவ்வொரு செல்லும் ரெண்டாப் பிரியணுமாம். பிரியிறதுக்கு உள்ளுக்குள்ள குழா குழாயா ஒரு சாரம் எழும்புமாம். அந்தக் குழா சேர்றதுக்கான துண்டுக்கு டியூபுலின்னு பேரு. மருந்து போயி அந்தத் துண்டைப் பிடிச்சுக்கும். துண்டு பூட்டிக்காது, சாரம் நிக்காது, செல்லு பிரியாமச் செத்துரும். எங்க வீட்டுக்காரருக்கும் இதே வேலைதான்னேன். அந்தப் புள்ள சிரிச்சிருச்சு."

"அதுக்கும் கைக்கும் என்ன?"

"நரம்புக்குள்ளயும் அதே குழாதானாம். வெரலு நுனி வரைக்கும் சத்து அது வழியாத்தான் போவுது. மருந்துக்குக் கட்டி எது, நரம்பு எதுன்னு தெரியுமா?"

"பாழாப்போன மருந்து," என்றான் அவன்.

"மருந்தைக் குத்தம் சொல்லாதீங்க. அதுதான் ரெண்டு வருசம் குடுத்துச்சு. நம்ம பாப்பா நடந்ததை அயித்தை பாத்துச்சுல்ல."

"அப்ப நான் வந்தது தெரியாமலே போயிருமா?"

அருணா ஈரக் கையைத் துடைத்தாள். "கன்னத்துல வைங்க. அதுவும் அந்த நர்ஸ் சொன்னதுதான். காபியோ, வெந்நியோ, பாப்பா காலோ, எதையும் கன்னத்துல வச்சுத்தான் பாக்கும். கன்னத்துக்குத் தெரியும்."

திருமுருகன் உள்ளே போனான். சுவரில் பிரகதாம்பாள் படம். என்ன வேண்டுவதென்று தெரியாமல், "தாயே" என்று மட்டும் சொன்னான். பிறகு அம்மாவின் கன்னத்தில் உள்ளங்கையை மெல்ல வைத்தான்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பின் புருவம் அசைந்தது. முகம் அவன் கைக்குள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"ஏண்டா... கையி இம்புட்டு சொரசொரன்னு கெடக்கு? எண்ணெ தடவ மாட்டியா?"

"தடவுறேன் ஆத்தா."

"வெயில்ல... நிக்காத."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவன் கையை எடுக்கவுமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பசியோடு உட்கார்ந்து சொன்ன வார்த்தை இந்தக் கட்டில் வரை வந்து சேர்ந்திருந்தது. பொழுது சாயும் வேளையில், மகனின் கைமேல் கன்னம் வைத்தபடியே செவந்தியின் மூச்சு அடங்கியது.

மறுநாள் காலை, மழைக்கால ஈரம் வாசலெங்கும் இருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார் நாகராசு சித்தப்பா. அடுப்படியிலிருந்து அருணா ஆவி பறக்கும் குடத்தைத் தூக்கி வந்தாள்.

"என்னத்தா, வெந்நியா? இனிமே அவுகளுக்கு என்ன சூடு, என்ன குளிரு?"

அருணா, மாமியாருக்கு நாள்தோறும் வெந்நீர் விளாவிய பழக்கத்தில் குடத்து நீரைக் கையில் அள்ளித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டார்.

திருமுருகனும் குனிந்து நீரைத் தொட்டுக் கன்னத்தில் வைத்தான்.

"இன்னுங் கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்து," என்றான்.