மூடாத ஃபைல்

அண்ணன் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அவர் ஓடவிட்ட புரோகிராம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு தரம் சோதனைக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கேட்டு, ஒரு வரி எழுதிக்கொள்ளும். உயிரோடு இருப்பவர்களே இப்படி லீவு போடாமல் வேலை பார்ப்பதில்லை என்று ஆய்வுக்கூடம் முழுக்கப் பேச்சு.

தங்கச்சிக்கும் அங்கேதான் வேலை. அந்தக் கம்ப்யூட்டரைத் தூசி தட்டுவாள், கீபோர்டைத் தொடமாட்டாள். கேட்டால் காரணம் தயாராக இருக்கும். "அது மூடாத ஃபைல். எழுதுறப்ப அறுந்துபோனா மொத்தமும் குப்பை. நிறுத்தினா ஒழுங்கா மூடுமான்னு அண்ணனுக்குத்தான் தெரியும்."

நியாயம்தான். அவர் எழுதிய புரோகிராமைத் திறந்து படித்தால் தெரிந்துவிடும். பதினோரு மாதமாக அதை ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் மட்டும் அம்மணிக்குக் காது கேட்காது.

அன்று மதியம் எலெக்ட்ரீஷியன் வந்து நின்றார்.

"அக்கா, மூணு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கணும். ஒயர் உருகுது."

"நாளைக்கு வெச்சுக்கலாமே?"

"மூணு மாசமா இதே நாளைக்குத்தான். யூபிஎஸ் பேட்டரியும் செத்துப்போச்சு. தீப்பிடிச்சா ஃபைலும் இருக்காது, நீங்களும் இருக்கமாட்டீங்க."

மணி இரண்டே முக்கால். வேறு வழியில்லாமல், புரோகிராமை நிறுத்தக் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினாள். திரை அசையவில்லை. லிஃப்ட் பொத்தானையே ஆறு முறை குத்துகிற ரகம் அவள்; விரல் மறுபடி இறங்கப் போனது.

"இரு. எழுதிக்கிட்டிருக்கேன்" என்றது திரை.

விரல் அந்தரத்தில் நின்றது. அடுத்த வரி விழுந்தது.

"மறுபடி அழுத்தாதே, அவசரக்குடுக்கை. உன்னைத்தான்."

அண்ணன் என்றைக்கோ எழுதிவைத்த வரிதான், புத்திக்குத் தெரிந்தது. முதுகுத்தண்டுக்குத் தெரியவில்லை.

"யாருக்கா அது?" எட்டிப் பார்த்தார் எலெக்ட்ரீஷியன்.

"அண்ணன்."

சாவுக்கு வந்து தோள் கொடுத்த மனிதர் அவர். இரண்டடி பின்வாங்கினார்.

"மணி மூணாகப் போகுது..."

"முடிச்சுக்கட்டும். அப்புறம் இறக்குங்க."

"நான் அவசரப்படுத்தலைக்கா. அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

புரோகிராம் நிதானமாக வேறொரு பிரதி எழுதியது. வரி வரியாகப் பழையதோடு ஒத்துப்பார்த்தது. எல்லாம் சரியான பிறகுதான் புதியதைப் பழையதன் இடத்தில் வைத்தது. மணி மூன்று பதினொன்று.

"மூடிட்டேன். திறந்து பாரு."

திறந்தாள். நான்கு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை. பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக் கைப்பையில் பத்திரப்படுத்தினாள்.

திரையில் இப்போது ஒன்றுமில்லை, கர்சர் மட்டும் மினுக்கியது. அறையில் யாரோ எழுந்து போன மாதிரி இருந்தது. 'அண்ணா' என்று அடித்து என்டரைத் தட்டினாள்.

கம்ப்யூட்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அப்படி ஒரு கட்டளை இல்லை."

"இறக்குங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.