வின்டல் துரை கண்டுபிடித்த தாலிக்கொடி

சச்சிதானந்தனைக் கண்டாலே மக்டலீனுக்கு நெஞ்செரிவு தொடங்கிவிடும். ஆள் வீடு விற்கிற ஏஜென்ற். அஜக்ஸ் பக்கம் வீடு வாங்கிப் போன தமிழ்ச் சனத்தில் பாதியைக் குடியேற்றி வைத்தவர் தானே என்று சொல்லித் திரிவார். அது அவருடைய பிழைப்பு, போகட்டும். ஆனால் ஆடி வெயிலில் தேர்த் திருவிழாவுக்கும் வெய்ஸ்கோட் போட்டுக்கொண்டு, பட்டுக் கைலேஞ்சியைக் கூராக மடித்துப் பையில் செருகிக்கொண்டு வந்து நிற்கிற மனிதரை என்ன செய்வது? போதாக்குறைக்குத் தான் ஒரு துப்பறிவாளர் என்ற நினைப்பு வேறு. பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆட்டிறைச்சி றோல்ஸ் தட்டைக் காலியாக்கியது யார் என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டாராம். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். கண்டறியாத கண்.

அந்தத் துப்பறியும் வருத்தம் முற்றி, தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கலைவிழாவில் நாடகமாக வெடித்தது. ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முந்திய லண்டன். அரசருக்குப் புத்தி பேதலித்து, மகன் ஆட்சியை நடத்திய காலமாம். லோர்ட் வின்டல் என்று ஒரு கனவான், கழுத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றோ சுற்றென்று சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, மூக்குப்பொடி உறிஞ்சியபடியே கள்ளரைப் பிடிப்பார். எழுதியவர், இயக்கியவர், லோர்ட் வின்டல் மூன்றும் சச்சிதானந்தனே. வேறு யாருக்காவது ஒன்றை விட்டுக்கொடுக்க அந்த மனிதருக்கு மனம் வருமா?

மக்டலீன் மணப்பெண்களைச் சோடித்து வெளிக்கிடுத்துகிறவள். மிசிசாகாவிலிருந்து அஜக்ஸ் வரைக்கும் எந்தக் கலியாணம் என்றாலும் மணப்பெண்ணுக்குக் கொண்டை போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். கட்டில் நிறைய நகையைப் பரப்பிவிட்டு, அவளைத் தனியாக அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவார்கள். அந்த நம்பிக்கைதான் அவளுடைய தொழில். 'மக்டலீனின் கை கொஞ்சம் நீளம்' என்று ஒரு வாய் சொன்னால் போதும், அதோடு சரி. நாடகத்துக்கு உடுப்பும் தலையலங்காரமும் செய்துதர வேண்டும் என்று சங்கத்தார் கெஞ்சியதால்தான் அந்த நவம்பர்ச் சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்திருந்தாள்.

வகுப்பறை ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சனிக்கிழமை என்று ஹீற்றரையும் நிறுத்தியிருந்தார்கள். டச்சஸ் சீமாட்டியாக நடிக்கவிருந்த ஜெயமலர் குளிரில் நடுங்கியபடி கவுனுக்குள் புகுந்தாள். கவுனுக்குக் கழுத்து வெகு தாழ்வு. அதற்குள்ளிருந்து தடித்து மொத்தமான தாலிக்கொடி எட்டிப் பார்த்தது.

"கழட்டத்தான் வேணும்," என்று கதவடியில் நின்று தீர்ப்புச் சொன்னார் சச்சிதானந்தன். "டச்சஸ் தாலி கட்டுறதில்லை."

ஜெயமலர் அரைமனத்தோடு கழற்றினாள். முதலில் மஞ்சள் துண்டு கோத்த கயிறு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். வெறுங் கழுத்தாக நிற்கக் கூடாது. பிறகு, கண்டவர் கண்ணும் படாமல் இருக்கத் தாலியையும் காசுகளையும் சேர்த்து மஞ்சள் பட்டுத் துண்டொன்றால் பொதிந்து நூலால் கட்டினாள். மேசையில் வைப்பதும் மரியாதையில்லை என்று தலைக்கு மேலே தெரிந்த ஒரு கொளுக்கியில் மாட்டிவிட்டு, மேக்கப் போடப் பக்கத்து அறைக்குப் போனாள். அதே கொளுக்கியில் நாடகத்துக்கென்று வாங்கிய கில்ற் சங்கிலிகளும் தொங்கின. பயபக்தியோடு செய்த வேலைதான். ஆனால் தாலியைப் பொதிந்துவிட்டால் மிச்சம் தெரிவது வெறும் சங்கிலி.

அவள் திரும்பி வந்தபோது கொளுக்கியில் தாலிக்கொடி இல்லை.

"ஐயோ, என்ரை கொடி! என்ரை கொடியைக் காணேல்லை!"

சனம் கூடிவிட்டது. சச்சிதானந்தனுக்கோ முகத்தில் பூரிப்பு. கறுப்புப் போர்வைக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கையுறையோடு அறை நடுவில் வந்து நின்றார். ஒருத்தியின் தாலி தொலைந்திருக்கிறது, இந்த மனிதர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டுகிறார். மக்டலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒருத்தரும் வெளியிலை போகப்படாது," என்றார் அவர். "ஜெயமலர் போகேக்கை அறைக்குள்ளை ஆர் இருந்தது?"

"நான்தான்," என்றாள் மக்டலீன். "மூலையிலை நிண்டு பொய்முடி சுருட்டிக்கொண்டிருந்தனான். பிறகு நீங்களும் வந்தனீங்கள்."

"நானோ? நான் கண்ணாடி பார்க்க வந்தனான்."

எல்லோரும் சிரித்தார்கள். அது உண்மைதான். அந்தக் கட்டடத்தில் அவர் பார்க்காத கண்ணாடி கிடையாது.

"யோசிச்சுப் பாருங்கோ," என்று அவர் தொடங்கினார். "தாலியை ஒரு சைவப் பொம்பிளை தொடமாட்டாள். அது பாவம் எண்டு அவளுக்குத் தெரியும். அப்ப ஆர் தொடுவினம்? பவுணின்ரை பெறுமதி மட்டும் தெரிஞ்ச, அதின்ரை புனிதம் தெரியாத ஆள்." ஒரு கண் சுருங்கியது. "இந்த அறையிலை வேதக்காரர் ஒராள்தான்."

"கிறிஸ்தவர் எங்களுக்கும் தாலிதான் அண்ணை கட்டுறது," என்றாள் மக்டலீன். "உங்கடை தலையிலை களிமண்ணோ?"

ஆனால் அவளுடைய பையை அதற்குள் கவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள். கொண்டை ஊசிகள், பவுடர், பாதி கடித்த மாலுபாண், செபமாலை. கொண்டையை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். அவிழ்த்துக் காட்டினாள். ஊரெல்லாம் கொண்டை போட்டுவிட்டவள், தலைவிரிகோலமாக நின்றாள். அவள் ஜெயமலரைப் பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முன் கலியாணத்தன்று அதே கழுத்துக்கு அட்டியல் பூட்டிவிட்டவள் மக்டலீன்தான்.

"நீ சொல்லு பிள்ளை. நான் எடுப்பனோ?"

ஜெயமலர் கண்ணைத் துடைத்தாள். "எனக்கென்ன தெரியும் அன்ரி... உங்களைத் தவிர வேறை ஆர் எடுத்திருப்பினம்?"

அந்தக் கேள்வி மக்டலீனின் நெஞ்சில் போய்க் குத்தியது. கள்ளி என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

"குற்றவாளி இவதான்!" என்று சச்சிதானந்தன் கையை வீசி நீட்டினார். வீசிய வீச்சில் போர்வைக் கோட்டு விலகியது. வெய்ஸ்கோட்டின் குறுக்கே மொத்தமாக ஒரு சங்கிலி மின்னியது. அது போய் நுழைந்த பையின் வாயில் மஞ்சள் பட்டு நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. கை இறங்கியதும் கோட்டு மூடிக்கொண்டது.

மக்டலீனுக்கு எல்லாம் விளங்கியது. துரைக்கு நாடகத்தில் காட்டுகிற பை மணிக்கூட்டுக்குச் சங்கிலி தேவைப்பட்டிருக்கிறது. கண்ணாடி பார்க்க வந்த கையோடு, கொளுக்கியில் இருந்ததிலேயே மொத்தமானதை எடுத்துப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மற்றவர்களைக் கண்ணால் அளந்து பார்க்கிறவர், தன் கைக்குள் வந்தது என்ன என்று ஒருதரம் பார்க்கவில்லை. அடக் கோதாரி!

"அண்ணை, உந்தக் கோட்டை ஒருக்கால் விலக்குங்கோ," என்றாள்.

"கள்ளர் துப்பறிவாளரைச் சோதிக்கிறது எந்த ஊர் வழக்கம்?"

"உங்கடை வயித்தடியிலை பாருங்கோ எண்டுறன்!"

"என்ரை வயிறு உங்களுக்கு ஏன்?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நாடகம் தொடங்க மணி அடித்தது. "நாடகம் முடியப் பொலிசுக்குப் போன் அடிப்பம். அகஸ்ரின், ஆளை வெளியிலை விடாதையும்," என்று சொல்லிவிட்டு அவர் மேடைக்குப் போனார்.

திரை இழுக்கிற அகஸ்ரின் மக்டலீனின் கோயில்காரன்தான். ஞாயிறு பூசையில் அவளுக்கு முன்வாங்கில் இருப்பவன். இப்போது அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து திரைக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆம்பிளையாம். அவனிடம் சொல்லி என்ன பலன்? இந்த நேரம் ஓடிப்போய்க் கோட்டைப் பிடித்து இழுத்தால், 'எனக்குக் கழுத்துத் துணி கட்டிவிட்டவ இவதான், இவதான் கொண்டுவந்து ஒளிச்சிருக்கிறா' என்று துரை ஒரே போடாகப் போடுவார். சனமும் நம்பும். ஒத்திகைக்கென்று வந்து அந்த நாடகத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வாந்தி வருகிற அளவுக்குப் பாடம். கடைசிக் காட்சியில் மனிதர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மணிக்கூட்டை இழுப்பார். இழுக்கட்டும் என்று மேடையோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாடகமா அது? வின்ரர் ஜக்கற்றுகளோடு குந்தியிருந்த சனம் கொட்டாவி விட்டது. டச்சஸ் அழவேண்டிய இடத்திலும் அழுதாள், சிரிக்கவேண்டிய இடத்திலும் அழுதாள். லோர்ட் வின்டல் ஒவ்வொரு வசனத்துக்கும் கைதட்டலுக்காக நின்று பார்த்தார். ஒருவழியாகக் கடைசிக் காட்சி வந்தது.

"மாளிகையின் மணிக்கூடு பொய் சொல்லலாம்!" கோட்டு பறந்து போய் விழுந்தது. "ஆனால் வின்டலின் கடிகாரம் பொய் சொல்லாது!"

பையிலிருந்து சங்கிலியை உருவி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கனவான் தன் கையைப் பார்ப்பது அழகில்லையாம், ஆகவே சபையைப் பார்த்தபடி நின்றார். மணிக்கூடு கழன்று பைக்குள்ளேயே கிடந்தது. பட்டுத் துண்டு அவிழ்ந்து கீழே விழுந்தது. வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் காசு ஆட, பிள்ளையார் தாலி ஒன்று தொங்கியது.

மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. சனம் சொக்கிப்போய்விட்டது என்று நினைத்த மனிதர், இன்னும் உரக்க, "பொய் சொல்லாது!" என்றார்.

"ஐயோ, அது தாலியெல்லோ!" என்று முன்வரிசையில் ஒரு பெண் கத்தினாள்.

மூன்றாம் வரிசையில் ஜெயமலரின் புருசன் ஸ்ரீஸ்கந்தராசா எழும்பினான். "டேய்! உது என்ரை மனிசியின்ரை தாலியடா! உன்ரை வயித்திலை ஏன்ரா கிடக்குது?"

அவன் மேடைக்குத் தாவி ஏறினான். சச்சிதானந்தன் அப்போதுதான் கையைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாய்ப் போயிற்று. "தம்பி, நான்... நாடகச் சாமான் எண்டு நினைச்சு... சத்தியமா..." கழற்றப் பார்த்தார். சங்கிலியின் மறு முனையை வெய்ஸ்கோட்டின் உட்பக்கத்தில் சேஃப்ரிப் பின் ஒன்றால் குத்தியிருந்தார். அந்த ஊசி வெய்ஸ்கோட்டுத் துணிக்குள் இறுகிக்கொண்டது. கையுறை வழுக்கியது. ஸ்ரீஸ்கந்தராசா சேட்டுக் கொலரைப் பிடிக்க, ஜெயமலர் "கொடி அறுந்துபோகும், இழுக்காதேங்கோ!" என்று அலறினாள்.

துரை மேடையோரத்தைத் திரும்பிப் பார்த்தார். "மக்டலீன் அக்கா! கெதியா வாங்கோ. இதைக் கழட்டிவிடுங்கோ."

அக்காவாம். மக்டலீன் விரித்த தலையோடு வெளிச்சத்துக்குள் நடந்து வந்தாள். முன்னால் வரிசை வரிசையாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குள் கதை பரவிவிட்டதென்பது அவர்கள் அவளைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"நான் தொடமாட்டன்," என்றாள். "கள்ளி எண்டு சொன்னனீங்கள். நான் எடுக்கேல்லை எண்டு இப்ப இந்தச் சனத்துக்குச் சொல்லுங்கோ. பிறகு கழட்டுறன்."

"அன்ரி, நான் சொல்லுறன்," என்று ஜெயமலர் அழுதாள்.

"நீ பேசாமல் நில் பிள்ளை. அவர் சொல்லட்டும்."

சச்சிதானந்தன் சபையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கழுத்துத் துணிக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. "மக்டலீன் அக்கா எடுக்கேல்லை."

மக்டலீன் அசையவில்லை. "பின்வரிசைக்குக் கேக்கேல்லை, துரை. இன்னொருக்கால் சொல்லுங்கோ."