லாபிக்கு வெள்ளை விளக்கு

ஆபீஸில் எல்லாரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுத் தச்சருக்கு, பெயின்டருக்கு, கடைசியில் வாடிக்கையாளர்களுக்குக்கூட அவள் அண்ணியாகிவிட்டாள். வீட்டு வாசல், முன்னறை, அடுக்குமாடிக் கட்டடங்களின் லாபி, இவற்றை அழகு செய்து கொடுப்பது அவர்கள் தொழில். ஆபீஸை ஆரம்பித்தவள் அண்ணி. நாத்தனார் கணக்குப் பார்க்க வந்து, மெல்லப் பென்சிலைக் கையில் எடுத்தவள்.

அதுதான் வினையாகப் போயிற்று. இப்போதெல்லாம் போன் செய்பவர்கள் நாத்தனாரைத்தான் கேட்டார்கள். "நான் அண்ணி பேசறேன், சொல்லுங்க" என்றால், "பரவாயில்லைங்க, அவங்க வந்ததும் கூப்பிடறோம்" என்று வைத்துவிடுவார்கள். அந்தப் 'பரவாயில்லை' நாள் முழுக்க உறுத்தும். வீட்டுக்கு வந்தால் மாமியார் வேறு, மகள் செய்த வேலையின் போட்டோவை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பார். கணவனிடம் புலம்பவும் வழியில்லை. அவனுக்கு அவள் கூடப் பிறந்த தங்கச்சி.

இப்படி இருக்கும்போது ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் லாபி வேலை வந்தது. உள்ளே நுழைந்ததும் இருட்டு. நேர் எதிரே லிஃப்ட் கதவு, பக்கத்தில் துருப்பிடித்த தபால் பெட்டிகள், வாட்ச்மேனுக்கு ஒரு கால் ஆடும் நாற்காலி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அண்ணியையும் நாத்தனாரையும் ஆளுக்கொரு யோசனை கேட்டார்.

அண்ணி சுவர் முழுக்கக் கறுப்பு மரப்பலகையும், நடுவில் கொத்தாகத் தொங்கும் பெரிய விளக்கும் வரைந்தாள். நாத்தனார் தபால் பெட்டிகளைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றி, அவற்றின் கீழே ஒரு பெஞ்சு போட்டாள். லிஃப்ட் அருகே இடுப்பு உயரத்தில் ஒரு மரத்தட்டு. "சாவியைத் தேடும்போது கைல இருக்கற பையை எங்க வைப்பீங்க?" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டாள். சுவரோரம் தாழ்வாக, மஞ்சள் கலந்த மெல்லிய வெளிச்சம். வெளியே இருந்து வருகிறவருக்குக் கண் கூசக்கூடாதாம்.

கூட்டம் முழுக்க அவள் பக்கம் சாய்ந்தது. அண்ணியும் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். கை தட்டியதே தவிர வயிறு எரிந்தது. பையை எங்கே வைப்பது என்ற அந்தக் கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று வீடு வரும் வரை மனதுக்குள் அரைத்துக்கொண்டே வந்தாள்.

நாத்தனார் கட்டடத்தில் நின்று வேலை பார்க்க, சாமான் வாங்கிக் கொடுப்பது அண்ணி பொறுப்பு. விளக்குக் கடைக்காரர் போனில் கேட்டார். "மஞ்சளா, வெள்ளையாங்க?"

ஒரு கணம்தான் யோசித்தாள். "வெள்ளை."

திறப்பு நாள் மாலை நாத்தனார் சுவிட்சைப் போட்டாள். லாபி ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வெளிறிப்போனது. அவள் முகம் சுண்டியதை அண்ணி பார்த்தாள். இதைப் பார்க்கத்தான் காத்திருந்தாள். ஆனால் செயலாளர், "பளிச்சுனு இருக்குங்க. எங்களுக்கு இப்பதான் கண்ணே தெரியுது" என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

"விளக்கு மாறி வந்திருக்கு, மாத்திடறேன்" என்றாள் நாத்தனார்.

"எதுக்குங்க? நல்லாத்தானே இருக்கு."

செய்த வஞ்சனையும் வீண், பாராட்டும் அவளுக்கே. அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் போட்டோ எடுக்க அண்ணி தனியாக அங்கே போனாள். கொஞ்ச நேரம் ஓரமாக நின்றாள். வந்தவர்கள் தபாலை எடுத்தார்கள், நேரே லிஃப்டுக்குள் போனார்கள். பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் பெஞ்சு மரத்தின் நிறம் செத்துக் கிடந்தது. இது யாருக்கும் தெரியவில்லை, அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. பொறாமை ஒரு பக்கம் இருக்க, தொழில் தெரிந்த கண் சும்மா இருக்க விடவில்லை. கடைக்குப் போய் மஞ்சள் விளக்குகளை வாங்கி வந்து, வாட்ச்மேனை ஏணியைப் பிடிக்கச் சொல்லித் தானே ஏறி மாட்டினாள்.

அவள் ஏணியிலிருந்து இறங்கும்போது ஒரு பெண் காய்கறிப் பையோடு வந்தாள். பையை மரத்தட்டில் வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைத் தளர்த்திவிட்டுக்கொண்டு தபாலைப் பிரித்துப் படித்தாள். எழுந்து போக அவளுக்கு அவசரமே இல்லை. அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். இதுவரை பாராட்டைக் கேட்டு எரிந்தது வேறு, இப்போது வேலையைக் கண்ணால் பார்த்து எரிவது வேறாக இருந்தது.

மறுநாள் ஆபீஸில் நாத்தனார் அவள் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"விளக்கை மாத்தினீங்களாமே அண்ணி."

"கடைக்காரர் தப்பா அனுப்பிட்டார். அதான்."

"அன்னைக்கே அவரைக் கேட்டேன். நீங்க வெள்ளைனு சொன்னதா சொன்னார்."

அண்ணி கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"திறந்தா வீடு ரெண்டாயிடும். அம்மா ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். நான் தனியா ஆபீஸ் போடறேன் அண்ணி. ரெண்டு பேரும் ஒரே அறையில இருந்தா சரிப்படாது."

"கோவமா?"

"இருக்கு. போகப் போகக் குறையும்."

அண்ணி மன்னிப்புக் கேட்டாள். நாத்தனார் தலையசைத்தாள், சரி என்று மட்டும் சொல்லவில்லை.

புது ஆபீஸ் திறந்த அன்று மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி வாசலிலேயே நின்று சுற்றிலும் பார்த்தாள். இதமான வெளிச்சம், குடை வைக்க ஒரு மூலை, வந்தவர் நிமிர்ந்ததும் கண்ணில் படுகிற ஒரு பச்சைச் செடி. தனியாகக் கிளம்பி வர அவளுக்குத் துணிச்சலும் இருந்திருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டாள். பிறகு கதவைத் தள்ளி உள்ளே போனபோது அது உள்பக்கம் திறந்து நாற்காலியின் கைப்பிடியில் டொக்கென்று இடித்தது.

அண்ணிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று சாப்பிட்டு முடிக்கும் வரை யோசித்தாள். கிளம்பும்போது நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கதவு கீலை அந்தப் பக்கம் மாத்திடு. உட்கார்ந்திருக்கறவங்க முட்டியில இடிக்கும்."

நாத்தனார் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். "அட, ஆமா."

"எப்படி விட்டே?"

"நீங்க பக்கத்துல இல்லையே அண்ணி" என்றாள் அவள். அது குத்தலா, நிஜமா என்று அண்ணிக்குக் கடைசி வரை விளங்கவில்லை.