பைலட்

எங்கள் ஆஸ்பத்திரியில் தானே வழி பார்த்து ஓடும் வண்டி ஒன்றை வாங்கினார்கள். குழந்தைகள் வார்டில் எடுக்கும் ரத்தத்தை லேபில் சேர்ப்பது அதன் வேலை. அதுவரை அதைச் செய்தவர் என் அக்கா கணவர். முப்பது நாள் ஆள் உதவியில்லாமல் வண்டி ஓடிவிட்டால் அவருக்கு வேலை கிடையாது என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வண்டிக்குப் பாதை பழக்கிய அன்று, கம்பெனிக்காரர்கள் பார்க்கிறார்களே என்று, ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி, அழுக்குத்துணிக் கூடை எல்லாவற்றையும் நான் வேலை பார்க்கும் சலவை அறையில் என் தலையில் கட்டினார்கள். அப்படியொரு காலி நடைபாதையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அந்த அதிமேதாவி அதைத்தான் உண்மை என்று படித்துக்கொண்டது. மறுநாள் ஒரு நாற்காலியைக் கண்டு நின்றது. தயவுசெய்து வழிவிடும்படி அதனிடம் அரைமணி நேரம் கெஞ்சியது.

பிறகு மச்சான் பத்தடி முன்னால் நடந்து, நாற்காலிகளைக் காலால் ஓரம் தள்ள ஆரம்பித்தார். மந்திரி காருக்கு முன்னால் போகிறவர் மாதிரி இருக்கிறது என்று நர்சுகள் அவருக்குப் பைலட் என்று பெயர் வைத்தார்கள்.

"நிக்கட்டும் விடுங்க மச்சான். அது நின்னாத்தான் உங்களுக்குச் சோறு."

"உள்ள ரத்தம் இருக்கு மாப்ளே. நேரமாச்சுன்னா கெட்டுடும். புள்ளைங்களுக்கு மறுபடியும் ஊசி."

பெரிய தியாகி. தன் குழியைத் தானே பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இருபத்தொன்பதாம் நாள் நானே மேனேஜரிடம் போனேன். ஒரு மணி நேரம் மச்சானை உட்காரவைத்துவிட்டுப் பாருங்கள் என்றேன். வண்டியின் முதுகில் உதவிப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால்தான் ஆள் உதவி என்று கணக்கில் ஏறும். மச்சான் வண்டியைத் தொட்டதேயில்லை. மேனேஜர் திரையைக் காட்டினார்.

"உதவி பூஜ்யம். மெஷின் பொய் சொல்லாதுப்பா."

மெஷினை வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் வேறு என்ன சொல்வார்?

முப்பதாம் நாள் வண்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மச்சானை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் காலையிலேயே வண்டி நின்றது. நர்ஸ் ஒருத்தி வீட்டுக்குப் போன் செய்ய, இந்த மனிதர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். தினமும் வந்தார். சும்மாவே நாற்காலி தள்ளினார். அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் மேனேஜர் அவரை நடைபாதையில் பார்த்துவிட்டார்.

"நீங்க இப்ப ஸ்டாஃப் இல்ல. பார்வையாளர் நேரம் நாலு மணிக்குத்தான்."

மச்சான் "சரிங்க சார்" என்றார்.

இப்போது குழந்தைகள் வார்டில் நாலு மணிக்கு மேல்தான் ரத்தம் எடுக்கிறார்கள்.