பெல்ட் மட்டும் போதும்

அந்த வீட்டில் வாஷிங் மெஷின் துணி துவைப்பதற்கு மட்டும் ஓடவில்லை. கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதற்கும் அதுதான் ஓடவேண்டியிருந்தது. வீடு என்றால் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை, அதை ஒட்டி மெஷின் நிற்கும் ஒரு பால்கனி. ஹாலில் மாமனாரின் நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் படுக்கையறையில் யாராவது புரண்டு படுப்பதுகூடத் தெரியும். சுவர்கள் பேருக்குத்தான் இருந்தன.

மெஷினுக்கு வயதாகிவிட்டது. துவைக்கும்போது முனகும். தண்ணீரை வடித்துவிட்டுத் துணியைப் பிழிய ஆரம்பித்ததும் அலமாரியில் இருக்கும் தட்டுகள் எல்லாம் நடுங்குகிற மாதிரி ஓர் இரைச்சல் கிளம்பும். எதிர்வீட்டுக்காரி படாரென்று ஜன்னலைச் சாத்துவாள். முதலில் எல்லோருக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள், மெஷின் பிழிந்துகொண்டிருந்தபோது மருமகள் பால்கனியில் வைத்துப் புருஷனைத் திட்டித் தீர்த்தாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மனுஷனுக்குக் காதும் கொஞ்சம் மந்தம், கூப்பிட்டால் மூன்றாவது தரம்தான் திரும்புவார். அன்றைக்கே இருவருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது.

அதன்பிறகு அந்தத் தெருவிலேயே அவர்கள் வீட்டு அளவுக்குச் சுத்தமான திரைச்சீலைகள் வேறு எங்கும் கிடையாது. பேச வேண்டியது ஏதாவது வந்தால் எதையாவது கழற்றி மெஷினில் போட்டுவிடுவார்கள். சின்னச் சண்டை என்றால் திரைச்சீலை. பெரிய விஷயம் என்றால் போர்வை, கட்டில் விரிப்பு எல்லாம். துவைத்து மடித்து வைத்ததையே மறுபடி எடுத்துப் போட்டதும் உண்டு. மெஷின் பிழிய ஆரம்பிக்கும்வரை ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நிற்பார்கள். ஆரம்பித்ததும் ஒருவர் காதில் ஒருவர் கத்துவார்கள். மெஷின் நின்றால் பேச்சும் நின்றுவிடும், பாதி வாக்கியமானாலும் சரி. மிச்சம் அடுத்த சலவைக்கு.

இப்போது சில வாரங்களாகப் போர்வைகள்தான் துவைபட்டுக்கொண்டிருந்தன. மருமகள் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிப்பவள். கடலோர ஊர் ஒன்றில் புதிதாகத் திறக்கும் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்க வருகிறாயா என்று கேட்டிருந்தார்கள். வாரியமே வீடும் தருகிறது, அதுவும் சின்ன வீடுதான். மாசக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். அவளுக்குப் போகவேண்டும். ஊரில் யாரைக் கேட்டாலும் அவளைத் தவிர அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை என்பார்கள், அவளைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.

புருஷன் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன். எந்த ஊரிலும் உட்கார்ந்து போடலாம். ஆனால் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பான். ஆபீஸில் அவனுக்குப் பேரே 'பாக்கலாம்'தான். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது அவன் யோசனை. அப்பாவிடம் கேட்டாயா என்றால், அதற்கும் அதே பதில்தான். அவனைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குச் சிலையே வைக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு போர்வையும் ஒரு விரிப்பும் மெஷினுக்குள் இருந்தன. இரைச்சல் உச்சத்துக்குப் போனது. அவன் ஏதோ சொன்னான். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையை வீசிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"உங்கப்பா வர்றதா இருந்தா நான் போகவே இல்ல!"

'உங்கப்பா' என்ற இடத்தில் மெஷினுக்குள் பட்டென்று ஏதோ அறுந்தது. மீதி முழுவதும் நிசப்தத்தில் விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னல் மெல்லத் திறந்தது. ஹாலில் பேப்பர் ஒரு பக்கம் புரண்டது.

அதன் பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "மெஷின் நின்னுடுச்சு போல."

"ஆமாம்ப்பா," என்றான் மகன்.

அடுத்த இரண்டு மூன்று நாட்கள் வீட்டில் எல்லோரும் ரொம்ப மரியாதையாக இருந்தார்கள். மாமனார் டீ குடித்தார், பேப்பர் படித்தார், நடந்துவிட்டு வந்தார். அவருக்குக் கேட்டிருக்குமா என்பதுதான் மற்ற இருவருக்கும் பிரச்சினை. அதைக்கூடப் பேசிக்கொள்ள வழியில்லை. படுக்கையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "கேட்டிருக்குமா?" என்று அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். தெரியலை என்று அவன் தோளைக் குலுக்கினான். மூன்று பேரின் அழுக்குத் துணி வாளிகளில் ஏறிக்கொண்டே போனது.

புது மெஷின் வாங்கிவிடலாமா என்று அவன் செல்போனில் தேடினான். எல்லாமே சத்தம் வராததைப் பற்றித்தான் பெருமையடித்துக்கொண்டன. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டலாமாம். அவன் முகம் வாடிப்போய், பாக்கலாம் என்று போனை வைத்தான். அவளோ புதிதுதான் வேண்டும் என்றாள். அந்தப் பழையதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் குரல்தான் கேட்டது.

கடைசியில் மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டது மாமனார். அவராகவே கூப்பிட்டார், யாரையும் கேட்கவில்லை. மகன் வேலைக்குப் போயிருந்தான். விஷயம் தெரிந்து மருமகள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

மெக்கானிக் மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இதுக்கு முன்னாடி இதுல கை வச்சது யாரு? ஸ்க்ரூ எல்லாம் கோணக்கோண ஏத்தி வச்சிருக்கான்."

"நீங்கதான்," என்றாள் மருமகள்.

"அதான் பாத்தேன். வேற ஆள்னா இத்தனை நாள் ஓடியிருக்குமா?" கொஞ்சமும் அசராமல் ஒரு கறுப்பு பெல்ட்டை வெளியே உருவினார். "இந்தாங்க, பெல்ட் அறுந்திருக்கு. மூணு வழி இருக்கும்மா. பெல்ட் மட்டும் போட்டா இப்பவே ஓடும், ஆனா சத்தம் போகாது. பேரிங் தேஞ்சுபோச்சு, சத்தம் அங்கேர்ந்துதான் வருது. அதையும் மாத்தணும்னா டிரம்மையே வெளிய எடுக்கணும். நாளைக்கும் வரணும், ஆனா அப்புறம் பூனை மாதிரி ஓடும். என்னைக் கேட்டீங்கன்னா, இதைத் தலைமுழுகிட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிடுங்க. இப்ப வர்றதெல்லாம் ஓடுதா இல்லையான்னு தொட்டுத்தான் பாக்கணும்."

"புதுசே வாங்கிடலாம்," என்று அவள் அவசரமாகச் சொன்னாள்.

"வேண்டாம்." மாமனார் பால்கனி வாசலில் வந்து நின்றிருந்தார். "பெல்ட் மட்டும் போடுப்பா. போதும்."

"சத்தம் அப்படியே இருக்கும் சார்."

"இருக்கட்டும்."

"சத்தத்தை எடுக்கத்தான் சார் எல்லாரும் என்னைக் கூப்பிடறாங்க. இருக்கட்டும்னு சொல்ற மொத ஆள் நீங்கதான்."

"இது ஓடறப்பதான் இந்த வீட்ல ரெண்டு பேர் மனசுவிட்டுப் பேசிக்கறாங்க. பூனை மாதிரி ஓடுச்சுன்னா அவங்க எங்க போவாங்கப்பா?"

மெக்கானிக் அவரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். அவர் எத்தனையோ வீடுகளின் சமையலறையில் நின்றவர். வண்டியில் பெல்ட் இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று இடத்தைக் காலிசெய்தார்.

மருமகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "மாமா, உங்களுக்குக் கேக்குமா?"

"கேக்கும்மா. எங்க எக்ஸ்சேஞ்சுல இதைவிடப் பெரிய இரைச்சல். அதுக்குள்ளேர்ந்து ஒரு குரலைத் தனியாப் பிரிச்சு எடுக்கணும், அதான் வேலை. கேட்டதை அங்கேயே விட்டுட்டு எழுந்து வரணும், அதுவும் வேலை."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துக்கொடுத்தே ஓய்வுபெற்றவர் அவர். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கூப்பிட்டவுடன் திரும்பாதது காது மந்தத்தால் இல்லை, தனக்கான பேச்சுதானா என்று நிச்சயம் செய்துகொண்டபிறகே திரும்புகிற பழக்கம் என்று யாருக்கும் தோன்றவில்லை. படித்த பிள்ளைகளின் லட்சணம் அப்படி.

"எல்லாமேவா கேட்டுது?"

"திரைச்சீலைன்னா சின்ன விஷயம். போர்வைன்னா பெரிசு. கொஞ்ச நாளா ஒரே போர்வையா இருந்துச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார், முழுசாக வரவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது..."

"அது பேசிட்டிருக்கப்பவே கட் ஆன போன் கால். அந்த மாதிரி பாதியில நின்ன பேச்சை வச்சுக்கிட்டு நாங்க எதுவும் நினைச்சுக்கறதில்ல. திரும்ப லைன் போட்டுக் கொடுப்போம், அவங்க பேசி முடிப்பாங்க. அதுக்குத்தான் பெல்ட்டைப் போடச் சொன்னேன். நீங்களும் பேசி முடிங்க. நான் பேப்பர் படிக்கறேன்."

அவள் மெஷினைப் பார்த்தாள். முதுகுத் தகடு இல்லாமல் அது சும்மா நின்றிருந்தது. இப்போது தலையாட்டிவிட்டால் போதும். பெல்ட் போட்டுவிடுவார்கள், சனிக்கிழமை ஒரு போர்வையைப் போட்டு மிச்சத்தைக் கத்திக்கொள்ளலாம். அதை நினைத்ததுமே அவளுக்கு அலுத்துப்போனது.

"அது ஓட வேண்டியதில்ல மாமா. இப்பவே சொல்லிடறேன்." அவர் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னது நெஜந்தான். கோவத்துல சொல்லிட்டேன்னு சொல்லலாம், சொன்னா நீங்களும் சரின்னுடுவீங்க. ஆனா நெஜம். நாங்க அஞ்சு பேர் ஒரே ரூம்ல வளந்தோம். அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் இந்த வீடு. ஒரு கதவைச் சாத்திக்கிட்டு, கத்தாம, சாதாரணமாப் பேசறது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. உங்களைப் பிடிக்காமலும் இல்ல. கொஞ்ச நாள் நாங்க மட்டும் இருக்கணும்."

மாமனார் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வேறு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும், பாவம். ஊரில் எல்லோருடைய பேச்சையும் கேட்டவர், தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் என்ன சொல்றான்?"

"பாக்கலாங்கறார்."

"பொறக்கறதுக்கே டாக்டர் சொன்ன தேதியைத் தாண்டி ரெண்டு வாரம் யோசிச்சவன்." இந்தத் தடவை இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னார். "சரி. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வரலை. நீ சொன்னதுக்காக இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்காகத்தான். ஆனா எனக்கும் கோவம் இல்ல. அவன்கிட்ட நானே சொல்லிடறேன், இல்லன்னா மாசக் கடைசி தாண்டிடும்."

படியேறி வந்த மெக்கானிக் வாசலிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் புது பெல்ட். "நல்லவேளை, ஒண்ணு இருந்துச்சு. பெல்ட் மட்டுந்தானே சார்?"

"இல்லப்பா. பேரிங்கையும் மாத்திடு. துளி சத்தம் இருக்கக் கூடாது."

"இப்பதானே சார் இருக்கட்டும்னீங்க?"

"அப்ப வீட்ல மூணு பேர் இருந்தோம்," என்றார் மாமனார். "இனிமே நான் ஒருத்தன்தானே. எனக்கு எதுக்கு அவ்வளவு சத்தம்?"

மெக்கானிக்குக்குக் கோபம்தான் வந்தது. பெரிய மனுஷர்கள் வேளைக்கொரு பேச்சுப் பேசுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பெரிய ஸ்பேனரை எடுக்க மறுபடி கீழே இறங்கினார். மாமனார் மருமகளிடம், "எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்பணும்னு போறதுக்குள்ள காட்டிக் கொடுத்துடு. நான் இதைத் தொட்டதே இல்ல," என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனார்.

அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. இந்த நிமிஷத்துக்காகத்தான் வாரக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியிருந்தாள். மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. விசும்பல் வீடு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக்காரிக்குக்கூடக் கேட்டிருக்கும்.

ஹாலில் பேப்பர் ஒரு பக்கம் புரண்டது. நாற்காலியில் இருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.