குளிர் அறையில் விரதம்

துறைமுகத்துக் குளிர்க் கிடங்குக்குள் நுழையுமுன் ஆளுக்கு அரைக் குவளை ரம் உண்டு. மேஸ்திரி ரொலான் கதவருகே நின்று ஊற்றிக் கொடுப்பான். வெளியே போர்ட் லூயியின் ஜனவரி வெயில்; அந்தத் தீவில் அதுதான் கோடை. உள்ளே போனால் மீசையில் பனி பிடிக்கும். ரம் இல்லாமல் அங்கே எவனாலும் நிற்க முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். சின்னனும் பதினோரு வருடம் நம்பினான்.

நாற்பத்தெட்டாம் வருடம் தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டியதும் குவளையைத் தள்ளிவிட்டான். பத்து நாள் விரதம். முன்பெல்லாம் அந்தப் பத்து நாளும் லீவு எடுப்பான். இந்தத் தடவை கப்பல் மேல் கப்பல் வந்ததால் லீவு இல்லை. மனைவி பாக்கியம் மலேரியாவில் கிடந்தபோது வருடத்துக்கு ஒன்றாக மூன்று காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தான். இது மூன்றாவது. இதில் குறை வைத்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவனை விடவில்லை.

அவனோடு ஜோடியாக வேலை செய்பவன் க்ளெமான். கத்தோலிக்கன்; ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனுடைய தாத்தாவின் பெயர் ஐயாசாமி.

"ஆட்டிறைச்சி அறைப் பக்கம் நீ வராதே. வெண்ணெய்ப் பெட்டிங்களைப் பாத்துக்க" என்றான் க்ளெமான்.

"அது ரெண்டு ஆள் வேலைடா."

"உன் முருகனுக்கு நான் பண்ற உபகாரம். காவடி எடுக்கறப்ப என் பேரையும் சொல்லிடு. ஆனா ரம்மை மட்டும் விடாதே. நீ செத்தா பாக்கியம் என்னைத்தான் பிடிப்பா."

சின்னன் குடிக்கவில்லை. வீணாக்கக் கூடாது என்று அவன் பங்கையும் க்ளெமானே குடித்தான்.

முதல் இரண்டு நாள் சின்னனுக்குப் பல் அடித்துக்கொண்டது. தாளம் போடுகிறான் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒன்று புரிந்தது. குளிர் மிஞ்சும்போது உடம்பு நடுங்கி அவனை வெளியே கூப்பிட்டது. வெளியே வந்து நின்றால் விரலில் உயிர் வந்தது. ரம் குடித்த நாட்களில் உடம்பு கூப்பிட்டதே இல்லை. முகம் மட்டும் சுடும், விரல் கட்டையாகிவிடும். ஒருமுறை பெட்டியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளங்கையில் ஆணி கிழித்தது தெரிந்தது.

இதை க்ளெமானிடம் சொன்னான்.

"விரதம் இருந்தா டாக்டர் ஆயிடலாமா? அப்ப நானும் இருக்கேன்" என்று க்ளெமான் சிரித்தான்.

எட்டாம் நாள் ஆட்டிறைச்சிக் கப்பல் வந்தது. காலையிலிருந்து க்ளெமான் தனியாக உரித்த ஆடுகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். மதியச் சங்கு ஊதியும் அவன் வெளியே வரவில்லை. சின்னன் இறைச்சி அறைக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டான்.

உள்ளிருந்து மெல்ல ஒரு சிரிப்பு கேட்டது. "சூடா இருக்கு, சின்னன்."

சின்னன் தாழ்ப்பாளில் கை வைத்தான். மணிக்கட்டில் காப்பு. பாக்கியம் காய்ச்சலில் கிடந்த முகம் கண்ணில் வந்தது. கதவைத் திறந்தான்.

தொங்கும் ஆடுகளுக்கு அடியில் க்ளெமான் உட்கார்ந்திருந்தான். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சட்டையையும் கழற்றப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான். உதடு நீலம். உடம்பில் நடுக்கமே இல்லை.

அக்குளில் கை கொடுத்து இழுத்தான் சின்னன். இறைச்சி அவன் தோளிலும் கழுத்திலும் உரசியது. வெளியே சாக்குகளின் மேல் கிடத்தி, ஈரச் சட்டையை உருவினான். தன் சட்டையையும் கழற்றிவிட்டு அவனை மார்போடு சேர்த்து அணைத்தான். இருவரையும் சுற்றிச் சாக்கைப் போர்த்திக்கொண்டான்.

ரொலான் புட்டியோடு ஓடி வந்தான். "வாயைத் திற! ஊத்தறேன்."

"வேண்டாம்."

"பைத்தியமா உனக்கு?"

"வேண்டாம்னா வேண்டாம். டீ போடச் சொல்லு. சர்க்கரை நிறைய."

வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. மார்பில் ஒரு ஐஸ் பாளத்தை வைத்திருப்பது போலிருந்தது. பிறகு க்ளெமானின் தாடை சின்னனின் தோள் எலும்பில் ஒருமுறை இடித்தது. மறுபடி இடித்தது. பிறகு உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது.

"ஆடட்டும்" என்றான் சின்னன், குழந்தையைத் தட்டுவதுபோல முதுகைத் தட்டிக்கொண்டு. "நல்லா ஆடட்டும்."

டீ பாதி உள்ளே போன பிறகு க்ளெமானுக்குப் பேச்சு வந்தது.

"உன் மேல கவிச்சி அடிக்குது. விரதம் போச்சா?"

"போச்சு."

"எனக்காகவா?"

"பேசாம நடுங்கு."

சாயங்காலம் சின்னன் வீட்டுக்குள் போகவில்லை. குழாயடியில் நின்றபடியே பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் வாளியை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

"அவரு இப்ப எப்படி இருக்காரு?"

"தூங்கறான். அவன் பொண்டாட்டி சூசான் பக்கத்துல இருக்கா."

"நாளைக்கு ரெண்டு பேருக்கும் சூடா டீ குடுத்து விடறேன். அந்தக் குவளையை அவரும் தொடக் கூடாதுன்னு சொல்லுங்க."

சின்னன் தலையைக் குனிந்துகொண்டான். "மறுபடி முதல்லேர்ந்து மூணு காவடி எடுக்கணும், பாக்கியம். இன்னும் மூணு வருஷம்."

"எடுங்க" என்றாள் அவள். சொம்பில் நீரை மொண்டு அவன் தலையில் ஊற்றினாள். "நான் எங்க போயிடப் போறேன்?"