மணல்துறைக்குப் பிடித்த சனி

மணல்துறையில் ஞாயிற்றுக்கிழமை தானாக வருவதில்லை. கோட்டைக் கோயிலின் இசையமைப்பாளர் எமில் பிராண்ட்னர் அந்த வாரத்து ஆராதனைக்கான பாட்டை எழுதி முடித்து, மை காய்ந்த பிறகுதான் வரும். அவர் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாள் முதலாக இதுதான் வழக்கம். அதற்கு முன்பு ஞாயிறு எப்படி வந்துகொண்டிருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. யாரும் கேட்டதுமில்லை.

மனிதர் நேரம் தவறாதவர். சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் நான்கு குரல்களுக்கும் இரண்டு வயலினுக்கும் ஆர்கனுக்கும் எழுதி முடித்துவிட்டு, மீன் குழம்போடு சாப்பிட உட்கார்ந்துவிடுவார். விடிந்தால் ஞாயிறு. இந்த முறை மட்டும் விடிந்தால் சனியாக இருந்தது. மறுநாளும் சனி. அதற்கு மறுநாளும்.

ஊர் ஆண்கள் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள். சனி என்றால் குளிக்கத்தானே வேண்டும்? தினமும் குளித்தார்கள். பெண்களுக்கு வெள்ளிதான் தலைக்குக் குளிக்கும் நாள். வெள்ளி வருகிற வழியாகத் தெரியவில்லை என்பதால் அவர்களும் சனியிலேயே சேர்ந்துகொண்டார்கள். கண்ணெல்லாம் எரிச்சல், மதியமானால் சொக்கும் தூக்கம், பாதி ஊருக்கு ஜலதோஷம். செக்கு மாடுகள் படுத்துவிட்டன. சிவன் கோயிலில் சனீஸ்வரருக்கு ஏற்றிய எள் விளக்குகள் நிறைந்துபோய், அர்ச்சகர் சந்நிதிக்கு வெளியே நின்று பூஜை செய்தார்.

கோட்டைக் கோயிலில் மணி அடிக்கும் சுவிசேஷமுத்து ஈரத் தலையோடு பிராண்ட்னரிடம் வந்து நின்றார்.

"தொரை, ஊருக்கே சனி புடிச்சிருக்கு. கொஞ்சம் பாத்து எறக்கி விடுங்க."

"கடைசி சுரம் வரமாட்டேங்குது, சுவிசேஷமுத்து."

"ஏதாச்சும் ஒண்ணப் போட்டு முடிங்களேன். நாங்க என்னத்தக் கண்டோம்?"

பிராண்ட்னருக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் அவருக்குக் குழப்பமாக இருந்தது. சுரம் வராமல் இருக்கிறதா, தான் வரவிடாமல் இருக்கிறோமா என்று அவருக்கே பிடிபடவில்லை. அந்தக் கடைசிச் சுரம் உச்சக்குரலுக்கு உரியது. அதைப் பாட வேண்டியவள் அவருடைய மகள் கத்ரினா. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அவள் கணவனுடன் கப்பலேறுகிறாள். தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே பிள்ளை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தார். பேனாவை மையில் தோய்ப்பார், தாளுக்கு மேலே கொண்டுபோவார், கை அங்கேயே நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும் என்று சொல்லியாகிவிட்டதால் கப்பல் சனிக்கிழமை புறப்படுவதற்கில்லை. துறையிலேயே கிடந்தது. மாலுமிகள் எண்ணெய்க் குளியலுக்குப் பழகிவிட்டார்கள். மாப்பிள்ளை கப்பல் மருத்துவர். முதல் இரண்டு சனிகளில் முறுக்கிக்கொண்டு நின்றவர், பிறகு அவராகவே முக்காலியில் உட்கார்ந்து உச்சந்தலையைக் காட்டினார். இப்போது சாப்பிடக்கூட எழுப்பினால்தான் எழுந்திருக்கிறார்.

கத்ரினா ஒருநாள், அதாவது சனிக்கிழமை, தலை துவட்டியபடி அப்பாவின் அறைக்குள் வந்தாள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் மணல்துறை, பேச்சும் மணல்துறைதான்.

"அப்பா, என்னை அனுப்ப மனசில்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. அதுக்காக ஊரையே எண்ணெயில ஊறப்போட்டு வெச்சிருக்கீங்களே."

"மனசு இருக்கா இல்லியான்னே தெரியலம்மா. நீ போகணும்னும் இருக்கு. போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னும் இருக்கு."

"ஒரு வருஷத்து ஞாயித்துக்கிழமை கழிஞ்சா வந்துருவேன். சத்தியமா."

பிராண்ட்னர் நிமிர்ந்து பார்த்தார். "வருஷம் கழிஞ்சாவா, ஞாயித்துக்கிழமை கழிஞ்சாவா?"

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

அவர் குனிந்து கடைசிச் சுரத்தை எழுதினார். எந்தக் குழந்தையும் பாடிவிடக்கூடிய சாதாரணச் சுரம்தான்.

ஞாயிறு விடிந்தது. கத்ரினா பாடினாள். கப்பல் போனது. பிராண்ட்னர் கரையில் நின்று வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து அடுத்த பாட்டை எழுதத் தொடங்கினார். விளக்கு வைப்பதற்குள் முடித்தார். விடிந்தால் ஞாயிறு. மறுநாளும் ஞாயிறு. சில நாள் மதியத்துக்குள்ளேயே இன்னொன்று முடிந்துவிடும். அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறொரு ஞாயிறு. கசாப்புக் கடையில் ஆடு தீர்ந்தது. பாடகர்களுக்குத் தொண்டை கட்டியது. போதகர் பிரசங்கம் எல்லாம் தீர்ந்துபோய், மேடையேறி நலம் விசாரித்துவிட்டு இறங்கினார். திங்கட்கிழமை கட்டாயம் வருகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்த கொத்தனார் மட்டும் நிம்மதியாக இருந்தார். பாட்டு நன்றாக வருகிறதா இல்லையா என்று பிராண்ட்னருக்குத் தெரியவில்லை. யோசிக்க நேரமில்லை.

ஒரு வருஷத்து ஞாயிறு ஐம்பத்திரண்டும் கழிந்த அன்று துறையில் கப்பல் தெரிந்தது. கத்ரினா போகும்போது பூத்திருந்த மாமரத்தில் அப்போதுதான் வடு பிடித்திருந்தது.

அவள் படகிலிருந்து இறங்கினாள். போவதற்கு முந்தின சனிக்கிழமை குளித்த தலை இன்னும் காயவில்லை. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நடந்து வந்தது. மாப்பிள்ளை கொட்டாவி விட்டபடி பின்னால் வந்தார்.

"தாத்தாவக் கும்புடு," என்றாள் கத்ரினா.

குழந்தை கும்பிட்டது. பிராண்ட்னர் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நல்ல கனம்.

"எத்தனை நாள் இருப்பேம்மா?"

"அடுத்த ஞாயிறு வரைக்கும்ப்பா. ஆராதனை முடிஞ்சதும் கப்பல்."

பிராண்ட்னர் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக் குழந்தையிடம் விளையாடக் கொடுத்தார். பக்கத்தில் நின்றிருந்த சுவிசேஷமுத்து செக்கில் மாடு பூட்டச் சொல்வதற்காக நடையைக் கட்டினார்.